கரையான்சாவடியில் ஐப்பசிக்கு ஒரு வெள்ளைப் பூ

வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டொரண்டோவில் இருக்கும் என் அக்கா மகள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிய அந்த வெள்ளைத் தேரை லில்லி, சென்னையை ஒட்டிய எங்கள் கரையான்சாவடியில் வராது. "சித்தி, பொங்கலுக்கு வரும்போது வேரோட ரெண்டு துண்டு எடுத்துட்டு வரட்டா?" என்று கேட்டிருந்தாள். வேண்டாம் கண்ணு என்று எழுதிவிட்டேன். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் உயிருள்ள செடியை நாட்டுக்குள் கொண்டு வரக் கூடாது என்பது ஒரு காரணம். கொண்டு வந்தாலும் இங்கே ஒரு கோடையைத் தாண்டாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

ஆனால் அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. வளைந்து சாய்ந்த தண்டு. ஒவ்வொரு இலைக் கக்கத்திலும் ஒரு பூ. ஆறு இதழ்கள், வெளி மூன்றின் அடியில் தேன் தங்கும் சின்ன வீக்கம். நடுவில் சூலகத் தண்டு மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகக் கிளைத்துக் கீழ்நோக்கி வளைகிறது. ஆர்க்கிட் என்று சொல்லிக் காட்டினால் பாதிப் பேர் நம்பிவிடுவார்கள். இந்த இனத்தில் பெரும்பாலான பூக்களில் ஊதாப் புள்ளிகள் மண்டிக் கிடக்கும். தேரைப் பெயர் வந்தது அதனால்தான். அவள் வீட்டில் பூத்தது புள்ளியே இல்லாத வெள்ளை வகை.

தாவரவியல் பெயர் ட்ரைசிர்டிஸ். ஏறக்குறைய இருபது சிற்றினங்கள், இமயமலையிலிருந்து சீனா, தைவான், ஜப்பான், பிலிப்பைன்ஸ் வரை பரவியிருக்கின்றன. அதனால் இதை முழுக்க அந்நியச் செடி என்று தள்ளவும் முடியாது. சிக்கிம் பக்கத்து மலைக்காடுகளில் தானாகவே வளர்கிறது. இந்த இனத்துக்குப் பெயர் வைத்த நத்தானியேல் வாலிச், கல்கத்தா தாவரவியல் பூங்காவை நடத்தியவர். நேபாளச் செடிகளைப் பற்றிய நூலில், 1826-ல் அந்தப் பெயரை வெளியிட்டார். இந்த 1826-ஐ நினைவில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும்.

ஏன் வராது? தேரை லில்லி மரநிழலில், மட்கிய இலைக் குவியலில், எப்போதும் லேசான ஈரத்தில் வாழ்ந்து பழகியது. அதைவிட முக்கியம், குளிர்காலத்தில் தரைக்கு மேலே இருப்பதெல்லாம் காய்ந்து போய், வேர் மட்டும் மண்ணுக்குள் தூங்க வேண்டும். டொரண்டோவில் பனி போர்த்திய தரைக்கடியில் மாதக்கணக்காகத் தூங்குகிறது. நமக்கு வருஷத்திலேயே குளிர்ந்த ஜனவரி இரவிலும் வெப்பம் சுமார் 20 டிகிரிதான். நாம் ஸ்வெட்டர் போடுவோம், அந்தச் செடிக்கு அது கோடைக்கால மாலை. போதாக்குறைக்கு மே மாதம் 40 டிகிரி. ஊட்டியில் யாராவது சொந்தக்காரர் இருந்தால் அவர்களை முயலச் சொல்வேன். அங்கே உறைபனி விழுகிறது, மரநிழலும் இருக்கிறது. சென்னைக்காரர்கள் ஆன்லைனில் யாரோ விற்கும் விதைப் பொட்டலத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

ஆனால் அவள் கேட்டதில் ஒரு நல்ல கேள்வி இருந்தது. "அப்போ உங்க ஊர்ல இந்த சீசன்ல என்ன சித்தி வெள்ளையா பூக்கும்?"

இந்த சீசன் என்பதை முதலில் பார்க்க வேண்டும். அவளுக்கு அக்டோபர் என்றால் மேப்பிள் இலை சிவந்து கொட்டும் காலம். நம் மரங்கள் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். அக்டோபரில் நமக்கு வருவது மழை. சென்னைக்கு ஆண்டு முழுதும் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை கொட்டுவதுதான். ஐப்பசி, கார்த்திகை, மிஞ்சிப்போனால் மார்கழிப் பாதி. அதற்குள் ஆண்டுக் கணக்கு முடிந்துவிடும். பிறகு அடுத்த ஆடி வரை மண் வெடித்துக் கிடக்கும். நாங்கள் இருப்பது செம்பரம்பாக்கம் ஏரிக்கு அருகில். ஏரியின் முழு நீர்மட்டம் 24 அடி என்பது இந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நவம்பரில் காய்கறிக் கடையில் தக்காளி விலைக்கு அடுத்தபடி பேசப்படுவது ஏரியில் இன்றைக்கு எத்தனை அடி என்பதுதான். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பேச்சில் ஒரு பயமும் கலந்துவிட்டது.

ஆகவே இந்த ஊரில் ஒரு செடியைப் பார்த்து நான் கேட்கும் முதல் கேள்வி, அது எவ்வளவு வெயில் தாங்கும் என்பதல்ல. வெயில் தாங்கும் செடிகள் நிறைய இருக்கின்றன. கணுக்கால் தண்ணீரில் நாலு நாள் நிற்குமா, பிறகு ஆறு மாதம் அரைப்பட்டினி கிடக்குமா? இரண்டும் சேர்ந்து முடியும் என்றால்தான் வீட்டுக்குள் அனுமதி. ரோஜா முதல் கேள்வியிலேயே தோற்றுவிடும். மல்லிகைக்கும் வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது.

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்கும் இடம் ஒன்று இருக்கிறது. மழைநீர் சேகரிப்புக் குழி. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் இது கட்டாயம் என்று 2003-ல் வந்தபோது தெருவில் எல்லாரையும் போல நாங்களும் காம்பவுண்டுச் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் ஒரு குழி போட்டு, ஜல்லியும் மணலும் நிரப்பி, மாடிக் குழாயை அதில் விட்டோம். அதைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மண். ஐப்பசியில் குழி நிரம்பித் தண்ணீர் வெளியே வழிந்து அங்கேயே நிற்கும். சித்திரையில் அதே மண்ணைக் கடப்பாரையால்தான் கிளற முடியும். நட்டதெல்லாம் ஒன்று அழுகும், அல்லது கருகும். கடைசியில் அங்கே தங்கியது வெள்ளை மழை லில்லி.

நர்சரிகளில் ரெயின் லில்லி என்றால்தான் தெரியும். தாவரவியலில் செஃபிராந்தஸ் கேண்டிடா. ஒரு விரல் கடைக்குள் அடங்கும் சின்னக் கிழங்கு, குச்சி குச்சியாக ஒரு சாண் உயர இலை, தனித் தண்டில் ஒரே பூ. ஆறு வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தப் பைகள். வெயில் ஏறும்போது விரியும், சாயங்காலம் குவியும், மறுநாள் மறுபடி விரியும். இரண்டு மூன்று நாளில் கதை முடிந்தது. ஆனால் ஒரு கிழங்கு ஓய்ந்தால் பக்கத்துக் கிழங்கு எடுத்துக்கொள்ளும். கூட்டமாக இருந்தால் மழைக்காலம் முழுக்க விட்டுவிட்டுப் பூத்துக்கொண்டே இருக்கும்.

இதற்கு இந்தப் பெயரை முறையாகக் கொடுத்தவர் வில்லியம் ஹெர்பர்ட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். கிழங்குச் செடிகளே அவருக்கு உயிர். கொடுத்த ஆண்டு அதே 1826. கல்கத்தாவில் இருந்த ஒருவர் இமயமலை நிழல்செடிக்குப் பெயர் வைத்த அதே ஆண்டில், இங்கிலாந்தில் ஒருவர் தென் அமெரிக்கச் சதுப்புச் செடிக்குப் பெயர் வைத்திருக்கிறார். இரண்டையும் நாம் லில்லி என்கிறோம். உண்மையில் தேரை லில்லிதான் லில்லிக் குடும்பம். மழை லில்லி அமரில்லிஸ் குடும்பத்தில் வருவது, தோட்டங்களில் தடித்த தண்டில் சிவப்பாகப் பூக்கும் பெரிய அமரில்லிஸுக்குச் சொந்தம். தாவரவியல் தெரிந்தவர்கள் என்னை அடிக்க வருவதற்கு முன் இதைச் சொல்லிவிட்டேன்.

இதன் பிறந்த ஊர்தான் எனக்குப் பிடித்த பகுதி. அர்ஜென்டினாவுக்கும் உருகுவேக்கும் நடுவில் ரியோ டி லா பிளாட்டா என்ற பெரிய ஆற்று முகத்துவாரம் இருக்கிறது. ஒரு கரையில் பியூனஸ் அயர்ஸ், இன்னொரு கரையில் மான்டிவிடியோ. அந்த ஆற்றோரத்து ஈரப் புல்வெளிகளில் வளர்ந்த செடி இது. தண்ணீர் நிற்பதும் வடிவதும் அதற்குப் பழகிப்போன விஷயம். மற்ற மழை லில்லிகளுக்கு வடிகால் வேண்டும், இந்த வெள்ளைக்கு மட்டும் குளத்தங்கரையில் வைத்தாலும் கோபம் வராது. அங்கே பூப்பது கோடை முடிந்து வரும் மாதங்களில், அதாவது நம் மாசி, பங்குனி வாக்கில். பூமியின் இந்தப் பாதிக்கு வந்ததும் நாட்காட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு புரட்டாசியில் தொடங்குகிறது. என் கணவர் திருச்சி மாற்றலுக்கு ஒத்துக்கொள்ளவே மூன்று வருஷம் ஆனது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எங்கள் சந்தில் நின்ற தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் வடியவில்லை. மாடியில் இருந்து கொண்டுவந்து அடுக்கிய தொட்டிகளில் கொத்தமல்லி, கத்திரி எல்லாம் போயே போயிற்று. குழியைச் சுற்றியிருந்த லில்லி இலைகள் சேற்றுக்கு மேலே நுனி காட்டிக்கொண்டு நின்றன. தண்ணீர் வடிந்து, வெயில் எட்டிப் பார்த்த வாரத்தில் மொட்டு விட்டன.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். கரையான்சாவடியிலிருந்து ஆவடிச் சாலையிலோ, பூந்தமல்லி தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையிலோ நர்சரிக்குப் போனால், பூவில்லாத நேரத்தில் எல்லா ரெயின் லில்லியும் ஒரே பையில்தான் இருக்கும். "வெள்ளைதாங்க" என்று நர்சரித் தம்பி சத்தியம் செய்வார். இலையைத் தொட்டுப் பாருங்கள். ரோஸ் நிறத்தில் பெரிதாகப் பூப்பதற்கு இலை தட்டையாகப் புல்போல இருக்கும். இந்த வெள்ளைக்கு இலை உருண்டு, உள்ளே சதைப்பற்றோடு, விரலில் உருட்டினால் உருளும். தம்பி சொல்வதைவிட இலை சொல்வதை நம்பலாம். அவர் "லில்லி" என்று இன்னொரு பெரிய செடியையும் காட்டுவார், பூ சிலந்திக் கால்போல நீண்டிருக்கும். சென்னைச் சாலைகளின் நடுத்திட்டில் வரிசையாக வைத்திருப்பார்களே, அது. அழகுதான், ஆனால் ஒரு புதர் உங்கள் சந்தையே அடைத்துவிடும்.

நடுவது சுலபம். அடி அகலத் தொட்டி என்றால் பதினைந்து கிழங்காவது நெருக்கமாக வையுங்கள். தள்ளித் தள்ளி வைத்தால் இலை வரும், பூ யோசிக்கும். கிழங்கின் கழுத்து மண் மட்டத்துக்கு வரட்டும், ரொம்ப ஆழம் வேண்டாம். தோட்டத்து மண், மட்கிய சாண எரு, கொஞ்சம் மணல். ஏரி வண்டல் கிடைத்தால் இன்னும் நல்லது. வெறும் தேங்காய் நார்க்கழிவில் வைத்தால் மழையில் ஊறிப்போய்க் கிழங்கு ஆடிக்கொண்டே இருக்கும், எனக்கு அது பிடிக்கவில்லை. அரை நாள் வெயில் கட்டாயம். யூரியா பக்கம் போகாதீர்கள், இலைதான் கொழுக்கும். சாம்பல் இருந்தால் ஒரு கை போடுங்கள். இதற்குமேல் உபசாரம் தேவையில்லை.

ஏன் மழைக்குப் பூக்கிறது என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். இடி மின்னலில் காற்றின் நைட்ரஜன் மழையோடு கரைந்து வருகிறது, அதனால்தான் என்பது நம்மூர்த் தோட்டக்காரர்களின் விருப்பக் காரணம். மின்னல் நைட்ரஜனைக் கரைத்துக் கொண்டுவருவது உண்மைதான். ஆனால் வெறும் குழாய்த் தண்ணீரிலும் மழை லில்லியைப் பூக்க வைக்க முடியும். சில வாரம் தண்ணீரே காட்டாமல் காயப்போட்டு, பிறகு ஒரேயடியாக வேர் முழுக ஊற்றினால் போதும், சில நாளில் தண்டு கிளம்பும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நெல்லுக்குச் சொல்கிறோமே, அதே சூத்திரம். வெள்ளை வகை இதிலும் கொஞ்சம் தனிக்குணம் கொண்டது. மழை மட்டுமல்ல, பருவமும் கூடி வந்தால்தான் கூட்டமாகப் பூக்கும். சித்திரையில் எவ்வளவு ஏமாற்றினாலும் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளும். எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம், பக்கெட்டில் வெள்ளைப் படலம் படியும். அதனால் நான் இந்த வித்தையெல்லாம் செய்வதில்லை. ஐப்பசி வரட்டும் என்று விட்டுவிடுவேன்.

இந்தப் பூவுக்கு எங்கள் தெருவில் எதிர்ப்பும் உண்டு. தலைவர், காலையில் கூடையோடு வரும் பூக்கார அம்மா. முதல் தடவை எட்டிப் பார்த்தபோதே கேட்டுவிட்டார். "இன்னாம்மா இது, வெங்காயத்தாள் மாரி கீது?"

"பூச்செடிதாங்கம்மா. மழை பெஞ்சா பூக்கும்."

பூத்த பிறகு ஒன்றைப் பறித்து மோந்து பார்த்தார். "வாசனையே இல்ல. காம்பு ஒடியுது, தொடுக்கவும் முடியாது. முழம் போட முடியாத பூ எதுக்கும்மா?"

அவர் கேட்டதில் இந்த ஊரின் முழு வரலாறும் இருக்கிறது. இது பூந்தமல்லி எல்லை. இங்கே பூ என்றால் கோயிலுக்குப் போக வேண்டும், அல்லது கொண்டையில் ஏற வேண்டும். பதினோராம் நூற்றாண்டில் ராமானுஜருக்கு வழிகாட்டிய திருக்கச்சி நம்பி பிறந்தது பூந்தமல்லியில்தான். இங்கே நந்தவனம் வைத்து, அந்தப் பூக்களைக் காஞ்சிபுரம் வரை கொண்டுபோய் வரதராஜருக்குச் சாத்தினார் என்பது ஐதீகம். காஞ்சி இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பூவின் வாசனை அத்தனை தூரம் தாங்க வேண்டாமா? நடக்க முடியாத வயதில் அவருக்காக வரதரே இங்கே வந்து நின்றார் என்று பூந்தமல்லிப் பெருமாள் கோயிலில் சொல்வார்கள். இன்றைக்கு நந்தவனங்கள் இருந்த பக்கமெல்லாம் மெட்ரோத் தூண்கள். கரையான்சாவடிக்கு அடுத்த நிலையத்தின் பெயர் முல்லைத்தோட்டம். முல்லை கோயம்பேட்டிலிருந்து வருகிறது.

ஆக, பூக்கார அம்மாவின் அளவுகோலில் என் லில்லி தேறவே தேறாது. அவர் அளவுகோலை நான் குறை சொல்லவும் மாட்டேன், அது அவர் பிழைப்பு. "சாமிக்கு வைக்கலாமா?" என்று மாமியார் கேட்டார்கள். பறித்த ஒரு மணி நேரத்தில் தலை தொங்கிவிடுகிறது, வைக்கலாம் வைக்கக் கூடாது என்ற சர்ச்சைக்கே அது நேரம் தருவதில்லை. ஆனால் ஒன்று. அந்த அம்மா பெருமையாக முழம் போடும் சம்பங்கி இருக்கிறதே, அதன் பிறந்த ஊர் மெக்சிகோ. அதுவும் கப்பலேறி வந்த கிழங்குதான். வாசனை இருந்ததால் கர்ப்பகிரகம் வரை போய்விட்டது. என் செடிக்கு வாசனை இல்லாததால் குழியோரம் நிற்கிறது.

வாசனையோடு வெள்ளை வேண்டும், அதுவும் இந்தப் பருவத்தில் என்றால் பவளமல்லி வையுங்கள். ராத்திரி விரிந்து விடிவதற்குள் ஆரஞ்சுக் காம்போடு தரையெல்லாம் கொட்டியிருக்கும். கார்த்திகையில் கொடியேறிப் பூக்கும் செங்காந்தள் நம் மாநிலப் பூ, ஆனால் நிறம் வேறு. பவளமல்லிக்குத் தரையில் இடம் வேண்டும், வெயில் வேண்டும், வேரடியில் தண்ணீர் நிற்கக் கூடாது. சந்து வீட்டுக்காரர்கள் என்ன செய்வது?

மழை லில்லிக்கு எதிரி குறைவு, இருக்கும் ஒன்று கெட்டிக்கார எதிரி. கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் பொட்டு வைத்த புழு, ஒரு லில்லி அந்துப்பூச்சியின் குட்டி. மழை தொடங்கியதும் அந்தப் பூச்சி இலையில் கூட்டமாக முட்டையிடும். கண்டுகொள்ளாமல் ஊருக்குப் போய்வந்தால் திரும்பும்போது இலையே இருக்காது, கிழங்கின் கழுத்தையும் குடைந்திருக்கும். செங்காந்தளையும் இதே புழுதான் தின்னும். காலையில் கையால் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடுவதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரிந்து இல்லை. கூடவே ராட்சத ஆப்பிரிக்க நத்தை. 1847-ல் ஒரு வெள்ளைக்காரர் மொரிஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து விட்டதாம். அந்தப் புண்ணியம் இன்று எங்கள் சுவர் ஏறுகிறது. நத்தை மேல் உப்புக் கொட்டுகிறார்கள், தயவுசெய்து மண்ணில் வேண்டாம், செடியும் சேர்ந்து போகும். இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குங்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். மழை இரவில் ஒரு தேரை எங்கள் குழியோரம் வந்து உட்கார்ந்து பூச்சி பிடிக்கும். அதை யாரும் விரட்டக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

இன்னொன்று, இது கண்டிப்பாகக் கவனிக்க வேண்டியது. பூக்கார அம்மா வெங்காயத்தாள் என்றது வேடிக்கைக்கு மட்டுமல்ல. கிழங்கும் சின்ன வெங்காயம் போலத்தான் இருக்கும். ஆனால் அதில் லைகோரின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு. அதனால் மாடித்தோட்டத்தில் வெங்காயம், பூண்டு வைத்திருக்கும் தொட்டிப் பக்கம் இதை வைக்காதீர்கள். பிரித்த கிழங்கைச் சமையலறை மேடையில் ஒரு நிமிஷம்கூட வைக்காதீர்கள். தவழும் குழந்தையோ மண்ணைத் தோண்டும் நாயோ இருந்தால் தொட்டியை உயரத்தில் வையுங்கள்.

கோடையில் இலை நுனி மஞ்சளாகும், பாதி காயும். பதறி இரண்டு வேளை தண்ணீர் ஊற்ற வேண்டாம். வாரம் ஒருமுறை போதும், கிழங்கு உள்ளே பத்திரமாக இருக்கும். பூ முடிந்த தண்டில் மூன்று அறை உள்ள காய் வரும், வெடித்தால் கறுப்பாக, காகிதம்போல மெல்லிய விதைகள். உடனே தூவினால் முளைக்கும், பரணில் போட்டு மறந்தால் முளைக்காது. ஆனால் விதையிலிருந்து பூவுக்குக் காத்திருக்கும் பொறுமை எனக்கில்லை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தொட்டி நெரியும்போது கவிழ்த்துப் பிரித்துவிடுவேன். அதற்கு நல்ல நேரம் மழை ஓய்ந்த தை மாதம்.

இந்தத் தையில் குழியோரத்துக் கூட்டத்தைப் பிரிக்கப் போகிறேன். டொரண்டோக்காரி அப்போது இங்கே இருப்பாள், மண்வெட்டி அவள் கையில்தான். தெரிந்தவர்கள் யாருக்கு வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். ஆளுக்கு ஒரு கைப்பிடி கிழங்கு. பை நீங்கள் கொண்டுவர வேண்டும். மண் கேட்காதீர்கள், அந்த வண்டலை ஏரிப் பக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் சுமந்தது நான்.